4.15 வண்டி: ஒரு முதலாம் ஆண்டு மாணவியின் ஏழு நாட்கள்

டியூட்டர் நோட்டில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "வியாழன் மதியம் இன்டர்னலுக்கு வரவில்லை. காலையில் கல்லூரியில் இருந்திருக்கிறாள். அலட்சியம்."

ஐந்து நாள் கழித்து அந்தக் கடைசிச் சொல்லை அடித்தேன். ஏன் எழுதினேன், ஏன் அடித்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊட்டியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். முதலாம் ஆண்டு வகுப்புக்கு நான்தான் டியூட்டர், அதாவது பொறுப்பாசிரியர். 44 பேர். இந்த நிகழ்வு நவம்பர் மாதத்தில், இரண்டாவது இன்டர்னல், அதாவது கல்லூரிக்குள் நாங்களே வைக்கும் தேர்வு, நடந்த வாரத்தில் நடந்தது. மாணவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்றாள். "குந்தா தாலுகான்னு மட்டும் போட்டுக்கோங்க மேம், அது பெரிசு" என்றாள். ஆகவே இங்கே அவள் வெறும் "அவள்".

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் சுமாராகப் படிக்கிறவள் இல்லை. முதல் இன்டர்னலில் என் தாளில் 25-க்கு 21. வகுப்பில் வாய் திறக்க மாட்டாள், ஆனால் மைக்ராஸ்கோப்பைச் சரியாக ஃபோகஸ் செய்யத் தெரிந்த நாலைந்து பேரில் ஒருத்தி. அதனால்தான் அந்த வியாழக்கிழமை எனக்குக் கோபம் வந்தது. படிக்காத பிள்ளை வராமல் போனால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

வீடும் வழியும்

அவள் தாத்தா இலங்கையிலிருந்து வந்தவர். 1964-ல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பி வந்த குடும்பங்களுக்காக 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. நீலகிரியில் பல இடங்களில் இருக்கும் லயன் வீடுகளுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு, பின்னால் இந்தக் கதைதான். அவள் வீடும் லயன் வீடு. லயன்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும், தார்ச் சாலைக்குப் பக்கத்தில் இருக்காது. வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குத் தேயிலைக்கு நடுவே 25 நிமிட நடை. அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா திருப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒரு முறை வருவார். தம்பி ஆறாம் வகுப்பு. பாட்டிக்குக் கண் மங்கல். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான்.

காலை 4.45-க்கு எழுந்தால் 6.10-க்கு வீட்டை விட்டு இறங்கலாம். 6.40 வண்டி. ஊட்டி 8.25. பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரிக்கு 20 நிமிடம். வகுப்பு ஒன்பதிலிருந்து இரண்டு வரை, ஐந்து பீரியட். திரும்பும்போது 4.15 வண்டி. அதை விட்டால் 6.30, அதுதான் கடைசி. 6.30 வண்டியில் போனால் சாலையில் இறங்க எட்டே கால் ஆகும். அந்த நேரத்தில் தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கும், கரடியும் வரும். அம்மா டார்ச்சோடு சாலைக்கு வந்து காத்திருக்க வேண்டும். பெரிய நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வண்டி தவறினால் அடுத்தது என்பது சாதாரணம். இவளுக்கு 4.15 தவறினால், அம்மா இருட்டில் ஒற்றையாக நிற்க வேண்டும்.

கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் பாடம், ஐந்து மணி நேரம் பாதை. டிக்கெட் செலவு கிடையாது. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தை 2024-25 பட்ஜெட்டில் மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கியதிலிருந்து அந்தக் கவலை போய்விட்டது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் ரீசார்ஜுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் உதவும் என்று எதிர்பார்க்கிறாள். "பஸ்ஸுல படிக்கலாமே" என்று நானே ஒரு முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வளைவுக்கு வளைவு நின்றுகொண்டு போகும் வண்டியில் புத்தகத்தைத் திறந்தால் வாந்திதான் வரும். அதைச் சொன்னபோது சிரித்தாள், நான் சிரிக்கவில்லை.

டே ஆர்டர் என்ற புதிர்

பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது இதில்தான், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். கலை அறிவியல் கல்லூரிகளில் வாரத்துக்கு 30 மணி நேரப் பாடம். அதை ஆறு டே ஆர்டராகப் பிரித்து, ஒன்றுக்கு ஐந்து மணி நேரம் என்று ஓட்டுகிறோம். திங்கள்கிழமை எப்போதும் டே ஆர்டர் ஒன்று கிடையாது. இன்று மூன்று என்றால் நாளை நான்கு. இடையில் மழை விடுமுறை வந்தால் அந்த நான்கு மறுநாளுக்குத் தள்ளிப்போகும். கடிகாரம் போல இல்லாமல் தாயக்கட்டம் போல நகரும் அட்டவணை இது. பள்ளியில் "புதன்கிழமை மூணாவது பீரியட் கணக்கு" என்று 12 வருடம் பழகிய மூளைக்கு இது பிடிபட ஒரு செமஸ்டர் ஆகும். நீலகிரியில் மழை விடுமுறை வேறு அடிக்கடி வரும், தாலுகா தாலுகாவாக வரும், சில நாள் பள்ளிகளுக்கு மட்டும் என்று வரும்.

வருகைப் பதிவும் கூடவே நிற்கிறது. செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீதம் வேண்டும். அதாவது 68 நாள். எங்கள் கல்லூரியில் முதல் பீரியடுக்கு வரவில்லை என்றால் அரை நாள் போச்சு. வண்டி 15 நிமிடம் தாமதமானால் அவளுக்கு அரை நாள் விடுப்பு. அதுவரை அவள் எடுத்திருந்த விடுப்புகளை நான் எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் அரை நாட்கள். எல்லாமே காலை.

அந்த வாரத்துக்கு முன்பே

இன்டர்னல் ஐந்து தாள், நாளுக்கு ஒன்று, முதல் பீரியடில். தமிழ், ஆங்கிலம், தாவரவியல், துணைப்பாட வேதியியல், சுற்றுச்சூழல் கல்வி. அதற்கு மேல் என்னுடைய ரெக்கார்டு நோட்டு, செய்முறைப் படங்களை வரைந்து வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஆங்கிலத்தில் 12 பக்கம் கையால் எழுதும் அசைன்மென்ட், வெள்ளிக்கிழமை. வேதியியல் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து, வெள்ளிக்கிழமைக்குள். உதவித்தொகை விண்ணப்பம், அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நான்கு மணி வரை. நான் முதல்வன் திறன் வகுப்பின் ஆன்லைன் தேர்வு, ஞாயிறு இரவுக்குள். சனிக்கிழமை நாட்டு நலப்பணித் திட்டத்தில் சாலையோரப் பிளாஸ்டிக் பொறுக்கும் வேலை. வருடத்துக்கு 120 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் அதையும் விட முடியாது.

எல்லோரும் ஏன் வெள்ளிக்கிழமை சொன்னோம்? காரணம் மிக எளிது. சனி ஞாயிறில் வீட்டில் உட்கார்ந்து திருத்தலாம். ஆசிரியர் அறையில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து டீ குடிக்கிற நாங்கள், யார் எந்தத் தேதி கொடுத்திருக்கிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டதே இல்லை.

ஏழு நாள்

ஞாயிறு காலை துணி துவைப்பு, ரேஷன், தம்பிக்கு முடி வெட்ட அழைத்துப் போனது. மதியம் ரெக்கார்டு. அதில் மூன்று மணி நேரம் போனில் போய்விட்டது என்று அவளே சொன்னாள். நான் கேட்கவே இல்லை. மீதி நேரத்தில் இரண்டு படம் வரைந்தாள். இன்னும் 14 இருந்தது.

திங்கள் தமிழ்த் தேர்வு. மதியம் இ-சேவை மையத்தில் வரிசை. வருமானச் சான்றுக்கு முந்திய வாரமே 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்திருந்தாள், அது வந்திருந்தது, அச்செடுத்துக்கொண்டாள். 4.15 வண்டி.

செவ்வாய் ஆங்கிலத் தேர்வு, மதியம் வேதியியல் செய்முறை. சொல்ல ஒன்றுமில்லை. இரவு அம்மாவுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது.

புதன்கிழமையில்தான் எல்லாம் குலைந்தது. விடியற்காலையிலிருந்தே மழை, கரண்ட் இல்லை. அவள் 6.10-க்குக் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகுதான் கலெக்டர் அறிவிப்பு வந்தது. மழை பெய்த தாலுகாக்களில் பள்ளிகளுக்கு விடுமுறை. கல்லூரிக்கு இல்லை. தம்பி போர்வைக்குள் மீண்டும் புகுந்துகொள்ள, இவள் குடையோடு சாலையில் நின்றிருக்கிறாள். 6.40 வண்டி 7.15-க்கு வந்தது. சில கிலோமீட்டர் போனதும் ஒரு கற்பூர மரம் சாலையின் குறுக்கே கிடந்தது. மிஸ்ட் வேறு இறங்கி, முன்னால் நிற்கும் ஆளே தெரியவில்லை. மரம் வெட்ட ஆள் வரும் என்று காத்திருந்து, 9.20-க்கு வண்டியைத் திருப்பிவிட்டார்கள். கண்டக்டர், "பாப்பா, இன்னிக்கு மேல போக முடியாது, எறங்கி வீட்டுக்குப் போ" என்று சொன்னாராம். வீடு வந்து சேரும்போது மணி பத்தே கால். அம்மா அவளைப் பார்த்ததும் திட்டவில்லை, கட்டிக்கொண்டார்.

அம்மா அப்படிச் செய்ததை இங்கே குறிப்பிடக் காரணம் இருக்கிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் முழுக்க மண்சரிவு, 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரத்தை நினைவில் வைத்திருக்கும் எந்த அம்மாவும் நவம்பர் மழையில் பிள்ளையைச் சாலைக்கு அனுப்புவது மனசார இல்லை. நான் போனில் பேசியபோது அவர் சொன்னது: "காலேஜ் லீவு விடலைன்னா அனுப்பித்தானே ஆகணும் டீச்சர். ஆனா வண்டி சத்தம் திரும்பிக் கேக்கற வரைக்கும் எனக்குக் கை வேலை ஓடாது."

அன்றைய தேர்வு என்னுடையது. 44 பேரில் 18 பேர்தான் வந்திருந்தார்கள். பதினொன்றரைக்குத் துறையில் பேசி, தாவரவியல் தேர்வை வியாழன் மதியம் இரண்டு மணிக்குத் தள்ளிவைத்தோம். வியாழன் காலை வேதியியல் எப்போதும் போல. 12.10-க்கு வகுப்பின் வாட்ஸப் குழுவில் நான்தான் போட்டேன். எங்களுக்கு இது கருணையான முடிவாகத்தான் தெரிந்தது. இல்லையென்றால் 26 பேருக்குப் பூஜ்யம் போயிருக்கும்.

லயனில் சாதாரண நாளிலேயே சிக்னல் வராது. கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். அன்று டவரே இல்லை. அவள் என்ன செய்தாள்? 11.30 முதல் நாலு மணி வரை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஐந்து படம் வரைந்தாள். காகிதம் நமத்துப்போய் பென்சில் ஏறவில்லை. கும்முட்டி அடுப்புப் பக்கத்தில் பக்கங்களைக் காட்டிக் காட்டி உலர்த்தினாள். அந்த ரெக்கார்டின் 31-ஆம் பக்கத்தில் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. "சுத்தமில்லை" என்று அதற்கு நான் ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

அவள் போட்டிருந்த திட்டப்படி புதன் மதியம் வங்கிக்குப் போக வேண்டும். பள்ளிக் காலத்தில் சிறார் கணக்காகத் திறந்தது, அக்டோபரில் 18 முடிந்ததால் புதிதாகப் படிவம் கொடுத்து மாற்ற வேண்டும், ஆதாரையும் இணைக்க வேண்டும். அது நடக்காவிட்டால் உதவித்தொகை, புதுமைப் பெண் எதுவும் கணக்கில் ஏறாது. வங்கிக் கிளை அவள் வண்டி போகும் வழியில், தாலுகாப் பக்கம். ஊட்டியில் 2.25-க்குப் புறப்படும் வேறொரு வண்டியைப் பிடித்தால் மூன்றரைக்கு முன் உள்ளே நுழையலாம். முந்திய சனிக்கிழமை போயிருக்கலாமே என்று கேட்டேன். அது இரண்டாம் சனி. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி மூடல். இதுகூட எனக்குத் தோன்றவில்லை, எனக்கு வங்கி என்றால் போனில் இருக்கிறது.

வியாழன் காலை 7.50. வண்டி ஒரு மேட்டைத் தாண்டும்போது போன் தொடர்ந்து அடித்தது. 63 செய்திகள். யாரோ நோட்ஸ் கேட்டது, யாரோ மரம் விழுந்த படம் போட்டது, நடுவில் என் ஒற்றை வரி: "கோர் பேப்பர் வியாழன் 2 மணி. அனைவரும் வர வேண்டும்." அந்த நிமிடத்தில் அவள் முன்னால் இருந்தது இதுதான். இரண்டு மணிக்கு என் தேர்வு. இரண்டு இருபத்தைந்துக்கு வங்கிக்குப் போகும் வண்டி. வெள்ளி நான்கு மணிக்கு விண்ணப்பம் முடிகிறது. புதன் போய்விட்டது, வெள்ளி மதியம் வங்கிக்குப் போனால் தாளோடு கல்லூரிக்குத் திரும்ப முடியாது.

காலையில் வேதியியல் எழுதினாள். பதினொன்றுக்கு இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "அப்புறம் வா" என்று கையைக் காட்டினேனாம். எனக்கு நினைவே இல்லை. பக்கத்து மேசைத் தோழி பார்த்திருக்கிறார், அவர்தான் பின்னால் சொன்னார். அவள் இதை என்னிடம் சொல்லவே இல்லை.

அப்புறம் வரவில்லை. கேன்டீன் பக்கம் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவியைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். "அக்கா, ஒரு இன்டர்னல் விட்டா என்னாகும்?" அந்த அக்கா, "ஒண்ணும் ஆகாது, டியூட்டர்ட்ட சொன்னா ரீடெஸ்ட் வைப்பாங்க" என்றிருக்கிறாள். 2.25 வண்டியில் ஏறிவிட்டாள். வங்கியில் வேலை 3.50-க்கு முடிந்தது.

வெள்ளி. சுற்றுச்சூழல் தேர்வு எழுதினாள். அசைன்மென்ட் கொடுத்தாள், அதற்காக இரவு ஒரு மணி வரை விழித்திருந்திருக்கிறாள். விண்ணப்பம் 3.40-க்கு அலுவலகத்தில் சேர்ந்தது. ரெக்கார்டில் இன்னும் ஏழு படம் பாக்கி. நான் நோட்டை வாங்கிப் புரட்டி, "முடிச்சுட்டு வா, பாதி நோட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று நீட்டினேன். "நேத்து எங்க போன?" என்று வேறு கேட்டேன், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. "பேங்குக்கு மேம்" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். பதினேழு பதினெட்டு வயதில் பேங்குக்குப் போவது ஒரு சாக்குப் போலத்தான் கேட்கும். "சரி மேம்" என்று நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை பிளாஸ்டிக் பொறுக்க வரவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள்.

கணக்கு

அடுத்த செவ்வாய் அவளை உட்காரவைத்து, ஒரு கிராஃப் தாளில் அந்த வாரத்தை மணி மணியாக எழுதச் சொன்னேன். தண்டனை போலத்தான் ஆரம்பித்தேன், "எங்கே நேரம் வீணாகுதுன்னு உனக்கே தெரியட்டும்" என்று. எழுதி முடித்தபோது தெரிந்துகொண்டது நான்.

வேலை நாளில் ஆறேகால் மணி நேரத் தூக்கம். பாதை ஐந்து, பாடம் ஐந்து. காலையில் ஒன்றரை மணி நேரம் அடுப்பும் தண்ணீரும். மாலை ஆறரைக்கு வீடு. அதிலிருந்து பத்தரைக்குள் சமையல், பாட்டி, தம்பியின் வீட்டுப்பாடம் போக அவளுக்கென்று மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். அப்புறம் மதியம் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு இரண்டு மணி நேரம், அதிலும் செய்முறையும் இ-சேவையும் வங்கியும் இல்லாவிட்டால். ஐந்து நாளுக்கு எல்லாம் சேர்த்து, ஞாயிறையும் கூட்டி, ஏறக்குறைய 18 மணி நேரம்.

வேலை எவ்வளவு? தேர்வுக்குத் தாளுக்கு இரண்டு மணி நேரம் வைத்தால் பத்து. ரெக்கார்டு படம் ஒன்றுக்கு 40 நிமிடம், 14 படம், ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அசைன்மென்ட் மூன்று. அப்சர்வேஷன் ஒன்று. திறன் தேர்வு இரண்டரை. சான்றும் வங்கியும் மூன்று. கூட்டினால் 29-க்குப் பக்கம் வருகிறது. 18 மணி நேரத்துக்குள் 29 மணி நேர வேலை. இதில் நேர மேலாண்மை என்று நான் ஆகஸ்டில் முதலாம் ஆண்டுக்கு ஒரு மணி நேரம் பேசியது எங்கே பொருந்தும் என்று தேடிப் பார்த்தேன்.

அவள் பக்கம் தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஞாயிறு போன் மூன்று மணி நேரம் இருக்கிறது. அதைவிடப் பெரியது ரெக்கார்டு. நான் கேட்டது பென்சில் கோட்டுப் படம், பாகங்களின் பெயர். ஒன்றுக்கு 20 நிமிடம் போதும். அவள் புள்ளி வைத்து நிழல் போட்டு, கலர் பென்சிலும் தீட்டியிருந்தாள். பத்தாம் வகுப்பில் அழகாக வரைந்தால் நட்சத்திரம் போட்ட ஆசிரியருக்கு வரைந்த படங்கள் அவை. அதில் மட்டும் நான்கரை மணி நேரம் மிச்சப்படுத்தியிருக்கலாம். ஆனால் அதையும் கழித்தால்கூட வாரம் நிரம்பி வழிகிறது, கொஞ்சம் குறைவாக வழிகிறது, அவ்வளவுதான்.

அந்தப் படங்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. மார்கான்ஷியா, ஈரமான இடத்தில் ஒட்டிப் படரும் ஒரு சிறு பச்சைத் தாவரம். புத்தகத்திலும் சீனியர்களின் பழைய ரெக்கார்டுகளிலும் இருக்கும் படத்தைத்தான் எல்லோரும் பார்த்து வரைவார்கள், வருடா வருடம் அதே கோணல் கூட மாறாமல் வரும். இவள் படத்தில் ஜெம்மா கிண்ணங்கள் (புதுச் செடியாக வளரக்கூடிய ஜெம்மா என்ற சிறு துணுக்குகள் இருக்கும் குழிகள்) வேறு இடத்தில் இருந்தன, ஒன்றில் பாதி காலியாக இருந்தது. எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். "பஸ் நிக்கற எடத்துல ஈரச் சுவரு இருக்குல்ல மேம், அதுல இருக்கு. வண்டி வர்ற வரைக்கும் அதைத்தான் பாத்துட்டிருப்பேன். மழை சொட்டு விழுந்தா அந்தக் கிண்ணத்துலேந்து பச்சையா தெறிக்கும்." மழைத்துளி தெறித்து ஜெம்மாக்கள் பரவுவதைத்தான் நான் வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருந்தேன். அதைக் கண்ணால் பார்த்த ஒரே மாணவியின் நோட்டில்தான் நான் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை

இதுதான் எனக்குப் புரிய நாளானது. ரீடெஸ்ட் கேட்டால் கிடைக்கும். ரெக்கார்டுக்கு இரண்டு நாள் கேட்டால் நான் கொடுத்திருப்பேன், பலருக்குக் கொடுத்தும் இருக்கிறேன். மழையில் வண்டி திரும்பியதற்குக் கடிதம் கொடுத்தால் அந்த நாளைப் பார்த்துக்கொள்வார்கள். இது எதுவும் அறிவிப்புப் பலகையில் இருக்காது. கையேட்டில் இருக்காது. அப்படியானால் மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது?

யார் யார் என்னிடம் வந்து அவகாசம் கேட்டார்கள் என்று அந்தச் செமஸ்டரை நினைவுபடுத்திப் பார்த்தேன். பெரும்பாலும் விடுதிப் பிள்ளைகள். அல்லது ஊட்டிக்குள்ளேயே வீடு உள்ளவர்கள். மாலை நாலரைக்கு மேல் விடுதி வராந்தாவில், சேரிங்கிராஸில் டீ வர்க்கியோடு, சீனியர்கள் சொல்லித்தரும் பாடம் ஒன்று இருக்கிறது. எந்த மேமிடம் எப்போது போக வேண்டும், எந்தக் கடைசித் தேதி உண்மையானது, எது சும்மா பயமுறுத்துவது, அரியர் விழுந்தால் என்ன செய்வது. 4.15 வண்டிக்காரர்கள் இந்தப் பாடத்துக்கு ஒரு நாளும் இருப்பதில்லை. முழு வருகைப் பதிவு இருந்தாலும் அவர்கள் பாதிக் கல்லூரியைத்தான் பார்க்கிறார்கள். அவளுக்குக் கிடைத்தது கேன்டீன் வாசலில் இரண்டு நிமிடம், அதிலும் "டியூட்டரிடம் சொன்னால்" என்ற பாதியை அந்த அக்கா அழுத்திச் சொல்லவில்லை.

இன்னொன்று, பள்ளியில் ஒரு கிளாஸ் டீச்சர் இருப்பார். பிள்ளையின் வீடு, காய்ச்சல், பேருந்து, எல்லாம் அவருக்குத் தெரியும். மற்ற ஆசிரியர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். இங்கே ஆறேழு பேரும் தங்கள் தங்கள் மணி நேரத்தை மட்டும் பார்க்கிறோம். டியூட்டர் என்று நான் இருக்கிறேன்தான், என் நோட்டில் வருகையும் மதிப்பெண்ணும் எழுத இடம் இருக்கிறது. எந்த வண்டியில் வருகிறாள் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

"ஏம்மா, எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டபோது, "சாக்கு சொல்றேன்னு நெனச்சிருப்பீங்க மேம்" என்றாள். நினைத்திருப்பேனா என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை நினைக்கத்தானே செய்தேன்.

பிறகு

ரீடெஸ்ட் அந்த வியாழன் இரண்டேகாலிலிருந்து மூன்றே முக்கால் வரை வைத்தோம். அவளோடு இன்னும் ஆறு பேர் வந்தார்கள், அவர்களில் நாலு பேர் கூடலூர், குந்தாப் பக்கத்து வண்டிக்காரர்கள். அவள் 19 வாங்கினாள். ரெக்கார்டை அதற்கடுத்த வாரம் வாங்கிக் கையெழுத்திட்டேன். 31-ஆம் பக்கத்து மதிப்பெண்ணைத் திருத்தவில்லை. அவள் வேண்டாம் என்றாள், "எல்லாரும் கேப்பாங்க மேம்".

துறைக் கூட்டத்தில் ஒரே ஒரு தாள் ஒட்டச் சொன்னேன், ஆசிரியர் அறை டீ மேசைக்கு மேலே. யார் எந்தத் தேதியில் எதைக் கேட்டிருக்கிறோம் என்று எழுத. எச்.ஓ.டி. சார் ஒத்துக்கொண்டார். முதல் இரண்டு வாரம் எல்லோரும் எழுதினார்கள், மூன்றாவது வாரம் பாதிப் பேர். என் ரெக்கார்டு நாளைச் செவ்வாய்க்கு மாற்றிவிட்டேன். சனி ஞாயிறில் திருத்த முடியாமல் புதன்கிழமை ராத்திரி உட்கார்ந்து திருத்துகிறேன், எனக்கு அது எரிச்சல்தான். என் டியூட்டர் நோட்டில் ஸ்கேல் வைத்து ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டு, 44 பேருக்கும் வரும் வண்டி, போகும் வண்டி, சிக்னல் உண்டா இல்லையா என்று எழுதி வாங்கினேன். 11 பேருக்கு வீட்டில் சிக்னல் இல்லை. அவர்களுக்கு மாற்றச் செய்தி இருந்தால் வகுப்பிலேயே, நாள் முடிவதற்குள் சொல்வது, இல்லையென்றால் மாற்றாமல் விடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு முறை அதை மீறியும் இருக்கிறேன்.

இரண்டாம் செமஸ்டர் தொடங்கிவிட்டது. இப்போது உறைபனிக் காலம், காலை வண்டியின் கண்ணாடி வெள்ளையாக இருக்கிறதாம். நேற்று ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். இந்த முறை நான் போனை வைத்துவிட்டேன். 4.15 வண்டியை 3.50-க்கு மாற்றிவிட்டார்களாம். செவ்வாய்க்கிழமை செய்முறை வகுப்பு மூன்றே முக்காலுக்குத்தான் முடிகிறது, என்ன செய்வது என்று கேட்டாள். நோட்டில் அவள் பெயருக்கு எதிரே இருந்த 4.15-ஐ அடித்துவிட்டு 3.50 என்று எழுதினேன். செய்முறை நேரத்தை என்ன செய்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.